மிளகளவு முகம்

லொரைன் ஹாலம் சிப்பாய் பொம்மை செய்பவள். பிள்ளைகள் விளையாடும் பொம்மை இல்லை. நாட்டிங்ஹாமிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும், தொப்பை விழுந்து தாடி நரைத்த ஆண்கள் சனிக்கிழமையானால் ஒரு பெரிய மேசையைச் சுற்றிக் கூடுவார்கள். அதில் அட்டையாலும் மரத்தூளாலும் பதுங்குகுழி கட்டி, ஓரங்குல உயர ஈயச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்துவார்கள். அந்தச் சிப்பாய்களின் முதல் உருவத்தை யாராவது கையால் செய்து கொடுத்தாக வேண்டும். லொரைன் செய்து கொடுத்தாள்.

அதற்கு முன் பல்செட் செய்யும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள். கூடத்தை மூடியபோது மெழுகு சுரண்டும் கம்பிகளையும் சின்னக் கத்திகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதே கருவிகளால் சிப்பாய்களுக்கு மூக்கு வைக்க ஆரம்பித்தாள். வேலை கொடுத்தவர் ராய் டாஃப்ட். ரயில் பாலத்துக்கு அடியில் அவருடைய வார்ப்புப் பட்டறை. ஈயம் உருக்குவதும் அச்சில் ஊற்றுவதும் பெட்டியில் போட்டு விற்பதும் எல்லாம் அவரே.

முகத்தில்தான் அவர்களுக்குள் தகராறு. டாஃப்ட் விற்ற சிப்பாய்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி நீட்டுபவன், ஓடுபவன், ஏணி ஏறுபவன், எல்லோருக்கும் அதே வாய்.

“ஏன் ராய் எல்லாரும் கத்துறாங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“சண்டையில கத்தாம என்ன பண்ணுவாங்க டக், தாலாட்டா பாடுவாங்க?” என்றார் டாஃப்ட். அந்த ஊரில் ஆணோ பெண்ணோ, முதலாளியோ பால்காரரோ, எல்லோரும் ஒருவரையொருவர் செல்லமாக ‘டக்’, அதாவது வாத்து, என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பாதி நேரம் சும்மா உக்காந்துதான் இருப்பாங்க. அடுத்த குண்டு எங்க விழப்போகுதுன்னு காதைக் குடுத்துக்கிட்டு. அந்த மூஞ்சி ஒருத்தனுக்காவது வேணாமா?”

டாஃப்ட் தலையைச் சொறிந்தார். உட்கார்ந்திருக்கும் சிப்பாய் சந்தையில் யாரிடமும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். “சரி, அஞ்சு பேரு பண்ணு. விக்கலைன்னா உருக்கி என் கூரை ஒழுகலை அடைச்சுப்புடுவேன், அழக்கூடாது.”

உடம்புகள் சுலபமாக வந்தன. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவன், பூட்ஸைக் கழற்றுகிறவன் ஒருவன், தேநீர்க் குவளையோடு ஒருவன், சிகரெட் பற்றவைப்பவன் ஒருவன். ஐந்தாமவன் மண்சுவரில் சாய்ந்து தலையைச் சற்றே திருப்பியிருந்தான். அவன்தான் காது கொடுக்கிறவன். லொரைனின் உயிரை வாங்கியவனும் அவன்தான்.

தலை மிளகளவு. களிமண்போல் பிசைய வரும் மஞ்சள் மக்கையும் நீல மக்கையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும்; அதில் ஒரு துளியைக் கம்பி முனையில் ஒட்டி, பெரிதாக்கும் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ஊசியால் முகம் செதுக்க வேண்டும். முதலில் மக்கு பிசின்போல ஊசியோடு வரும். பிறகு இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள கொஞ்ச நேரத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் முடிந்தாக வேண்டும். கண் சரியாக வந்தால் கன்னத்தில் விரல் பட்டுவிடும். கன்னத்தைத் திருத்தினால் வாய் கோணும். ஒரு தலை குழந்தைபோல வந்தது. ஒன்று மண்டையோடு. ஒன்று அவள் பள்ளித் தலைமையாசிரியைபோல் வந்தது; மீசை வைத்தும் தேறவில்லை. இறுகிய தலைகளைக் கிள்ளிக் கிள்ளி ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் போட்டாள். ஒவ்வொன்றும் அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோலிருந்தது.

“விடேன், தலையை ஒரு துணியால மூடிடு. காயம்பட்டவன்னு சொல்லிக்கலாம்,” என்றான் அவள் கணவன் நெவில். நகரப் பேருந்து ஓட்டுகிறவன் அவன்.

“உன் பஸ்ஸை மூடிட்டு ஓட்டு நீ.”

ஒரு சனிக்கிழமை மாலை நெவில் சமையலறையில் உட்கார்ந்து, சிப்ஸும் புதினாக் குழம்பு ஊற்றிய மசித்த பட்டாணியும் தின்றுகொண்டிருந்தான். வானொலியில் கால்பந்து. அவன் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது, ஆட்டம் முடியும் தறுவாய். லொரைன் தேநீருக்குத் தண்ணீர் வைக்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். முள்கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது. வாய் கொஞ்சமாகத் திறந்து, ஒரு புருவம் ஏறி, கண் எதையும் பார்க்காமல் ஓரிடத்தில் குத்தியிருந்தது. முகம் முழுவதும் எழுந்து காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதுபோலிருந்தது. கெட்ட செய்தி வரும் என்று தெரிந்தும் வராமல் போய்விடாதா என்று கேட்டுக்கொண்டிருக்கிற மனிதன்.

“அசையாதே!” என்று கத்திவிட்டாள்.

நெவில் துள்ளி எழுந்தான். பட்டாணி சட்டையில் கொட்டியது. அதே நொடி எதிரணி கோல் போட்டது.

“உன்னாலதான்!” என்றான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்வரை அதையே சொன்னான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் எதிரே உட்கார்ந்தாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவன் முகம் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொண்டது. கடைசியில் அடுப்புக்கு மேலே ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முட்டை பொரிப்பதுபோல் முதுகைக் காட்டி நின்றபடி அதில் அவனைப் பார்த்தாள். நிறைய முட்டைகள் கருகின. அணி தொடர்ந்து தோற்றதால் முகம் மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது.

பனிக்காலம் முடிவதற்குள் தலை வந்துவிட்டது. அளவெல்லாம் உள்ளபடியே: மூக்கு எவ்வளவு மெலிந்திருக்க வேண்டுமோ அவ்வளவு, இமை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு. பெரிதாக்கும் கண்ணாடிக்கடியில் வைத்தால் அவன் மூச்சுவிடுவதுபோலிருந்தது. நெவிலைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். “எங்க அண்ணன் டெரிக் மாதிரியே இருக்கான்.”

“அது நீடா!”

“எனக்கு மூக்கு இவ்வளவு நீளமா? டெரிக்குக்குத்தான் நீளம்.”

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு!” என்று கத்திவிட்டு, ஐந்து சிப்பாய்களையும் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

டாஃப்ட் அவற்றை இரண்டு ரப்பர் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடேற்றி அழுத்தினார். ரப்பர் இறுகினால்தான் அச்சு. தட்டைப் பிரித்தபோது நான்கு பேர் முழுசாக இருந்தார்கள். ஐந்தாமவனின் மூக்கு கன்னத்தோடு அப்பிப்போயிருந்தது.

“அவ்வளவு மெல்லிசா மூக்கு வெச்சா எப்படி டக் தாங்கும்?”

“ஒங்க மெஷினைக் கொஞ்சம் மெதுவா அழுத்தினா தாங்கும்.”

“மெதுவா அழுத்தினா அச்சு விழாது.”

லொரைன் வெளியே வந்து, பாலத்தின் செங்கல் சுவரைக் காலால் உதைத்தாள். கால்தான் வலித்தது. ஐந்தாவது தலையை மறுபடி செய்தாள். முதலில் வந்தது அப்படியே திரும்ப வரவில்லை. கிட்டத்தட்ட வந்தது. மூக்கைச் சற்றுத் தடிமனாக்கியதில் இரண்டாவது தடவை அச்சு அதை விட்டுவைத்தது.

வசந்தத்தில் கண்காட்சி வந்தது. ஒரு விளையாட்டு அரங்கு முழுக்க மேசைகள், ஈரக் கோட்டுகளின் வாசம், பகடைச் சத்தம். உட்கார்ந்திருக்கும் சிப்பாய்கள் கண்காட்சிக்கு முன்பே நன்றாக விற்றுப்போயிருந்தார்கள் என்று டாஃப்ட் சொல்லக் கேட்டு லொரைனுக்கு மனம் குளிர்ந்தது. தேநீர் வாங்கிக்கொண்டு, ஆட்டம் நடக்கும் மேசைகளைச் சுற்றி வந்தாள். மூன்றாவது மேசையில் தன் சிப்பாய்களைக் கண்டாள். அதே முழங்கால், அதே பூட்ஸ், அதே மண்சுவர்ச் சாய்வு. நெருங்கிக் குனிந்து பார்த்தாள்.

எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய தலைகளை ஒன்றுவிடாமல் வெட்டியெடுத்து, வேறு யாரோ செய்த தலைகளை ஒட்டியிருந்தது. தேநீர்க் குவளையைப் பிடித்தவன் குவளையைப் பார்த்தே கத்தினான்.

“இது யாரோடது?” என்றாள்.

உயரமான ஒருவர் பெருமையோடு கையைத் தூக்கினார். பெயர் மால்கம், தபால் நிலையத்தில் வேலை. “நல்லாருக்குல்ல? உடம்பு பிரமாதம்ங்க. இப்படி உக்காந்த ஆளு எங்கயும் கிடைக்காது.”

“தலையை ஏன் வெட்டினீங்க?”

“அதுவா? அது செத்த தலைங்க. மூஞ்சியே இல்ல அதுல.”

“அதைச் செஞ்சது நான்.”

மால்கமின் காது சிவந்தது. ஆனால் மனிதர் பின்வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். வெட்டிய தலைகள் அதில் இருந்தன. ஐந்தாவது தலையை ஒரு கம்பியில் குத்தி மேசையின் நடுவே நட்டார். “கோபப்படாதீங்க டக். இப்படி வந்து நில்லுங்க. நாங்க நின்னு ஆடுற இடத்துல.”

லொரைன் போய் நின்றாள். அவளுக்குக் கண் நல்ல கண். கம்பி முனையில் ஒரு சாம்பல் புள்ளி தெரிந்தது. அவ்வளவுதான். இமையும் இல்லை, புருவமும் இல்லை, நெவிலும் இல்லை. பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவனின் வாய் மட்டும் கரிய பள்ளமாக, அரங்கின் கோடிக்கும் தெரியும்போலிருந்தது.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால் வலித்திருக்காது. பல்செட்டில் உண்மையான அளவுதான் சரியான அளவு. மயிரிழை தப்பினாலும் வாயில் உட்காராது. இங்கே உண்மையான அளவே தப்பு. இத்தனை மாதமாக அவள் முகத்தைச் செதுக்கியது தன் பெரிதாக்கும் கண்ணாடிக்காக மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஐந்தாமவனின் தலையை மறுபடி ஆரம்பித்தாள். கண்குழிகளைக் குடைந்து ஆழமாக்கினாள். புருவத்தைப் பாறைபோல் துருத்தவிட்டாள். மூக்கைப் பெரிதாக்கினாள், காதை இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வொரு தடவையும் எழுந்து, சமையலறையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கையில் எடுத்தால் அருவருப்பாக இருந்தது. நெவில் பார்த்துவிட்டு, “இது நான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே,” என்றான். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஒரு மனிதன் தெரிந்தான். கண்ணில் இருள், வாய் சற்றுத் திறந்து. அவள் நினைத்தவன் இல்லை, ஆனாலும் மனிதன்.

“இப்படித்தான் முதல்லயே பண்ணியிருக்கணும்,” என்றார் டாஃப்ட். உடனே அச்சுப் போட்டார். புதுத் தலையோடு வந்தவன் பழைய ஐவரையும்விட வேகமாக விற்றுப்போனான். லொரைனுக்கு அதில் சந்தோஷம் பாதிதான் வந்தது.

அடுத்த கண்காட்சியில் டாஃப்ட்டின் கடைக்குப் போனபோது அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘தூங்கும் சிப்பாய்’ என்று அச்சடித்திருந்தது.

“ராய்! இவன் தூங்கலை!”

“வாய் திறந்திருக்கு, தலை சாஞ்சிருக்கு. தூங்குறவன்தானே?”

“கேட்டுக்கிட்டிருக்கான்! குண்டுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கான்!”

“எதையோ பண்றான் டக். விக்கிறான்ல?”

பெட்டிகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன. புதிதாக அடிக்க டாஃப்ட் மறுத்துவிட்டார். லொரைன் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கடை முன்னால் ஆட்கள் காத்து நிற்க, ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, ‘தூங்கும்’ என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே ‘கேட்கும்’ என்று எழுதினாள். டாஃப்ட் தடுக்கவில்லை, அவள் அடித்து முடித்ததை வாங்கி வாங்கி, அப்படியே விற்றுக்கொண்டிருந்தார்.