ஒரே நாட்களில் இரண்டு தாமதம்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. அன்று ரயில் தாமதம். எங்களை சைட்டுக்கு ஏற்றிப்போகும் வேனும் எங்கேயோ பஞ்சராகிக் கிடந்தது. ரயில் சரியாக வந்திருந்தாலும் வேன் இல்லை. வேன் நின்றிருந்தாலும் நான் இல்லை. இதில் யாரை மட்டும் திட்டுவது?

எங்கள் சைட்டில் நடப்பதும் இதேதான். தொழிற்சாலை ஷெட் கட்டும் சின்ன கான்ட்ராக்டரிடம் நான் இன்ஜினியர். உள்ளே மெஷின் நிற்க வேண்டிய அடித்தளத்துக்கு டிராயிங் தராமல், ஷெட்டைக் கட்டச் சொன்ன கம்பெனி இழுத்தடித்தது. அதைக் கேட்டு என் முதலாளி கவலைப்படவில்லை, எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார். தப்பு அவர்களுடையது, இனி நம்மை யார் கேட்பது என்ற தெம்பு. டிராயிங்கோடு சம்பந்தமே இல்லாத கூரை வேலையை நிறுத்தி, வெல்டர்களை அத்திப்பட்டில் இன்னொரு வேலைக்கு அனுப்பிவிட்டார். அடுத்தவன் தூங்கினால் நாமும் தூங்கலாம் என்பதுதான் இந்த வட்டாரத்து நிர்வாக ஞானம்.

இப்போது கம்பெனி ஒப்பந்தத்தையே ரத்து செய்வோம் என்கிறது. செய்தால் இந்தத் தொழிற்பேட்டையில் எங்களுக்கு வேறு வேலை கிடைக்காது. போன வாரம் பேச்சுவார்த்தை என்ற பெயரில் ஒரு கூத்து நடந்தது.

"கூரையே இல்ல, டிராயிங் வந்திருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பீங்க?" என்றார் கம்பெனி மேனேஜர்.

"மெஷினுக்கு எடமே இல்ல, கூரைய போட்டு இன்னா சார், பொறா வளக்கறதா?" என்றார் என் முதலாளி.

டிராயிங் தாமதம், கூரைத் தாமதம் இரண்டுமே அதே நாட்களைத் தனித்தனியாக விழுங்கியவை என்றேன். இப்படிச் சிக்கிக்கொண்ட நாட்களுக்கு எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. வழக்கமான நியாயப்படி அவற்றுக்கு அவர்கள் அபராதம் போடக்கூடாது, நாங்கள் நஷ்டஈடு கேட்கக்கூடாது, கூடுதல் அவகாசம் மட்டும் கிடைக்க வேண்டும் என்றும் விளக்கினேன். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"இன்னாம்மா, சம்பளம் குடுக்கறது நானு, வக்காலத்து அவருக்கா?" என்று வெளியே வந்ததும் முதலாளி கடிந்துகொண்டார்.

இவர்களுக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. நாளைக்கு அத்திப்பட்டு போகிறேன். முதலாளியைக் கேட்காமலே வெல்டர்களைக் கூட்டிவந்து கூரையில் ஏற்றப் போகிறேன். எங்கள் பக்கத் தாமதம் முதலில் முடியட்டும். அதன் பிறகும் டிராயிங் வராமல் கழியும் ஒவ்வொரு நாளும் அந்த மேனேஜருடையது மட்டும்தான். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லி அவகாசம் கேட்பேன்.