சேர்க்கை முடிந்தபின் வருகிறவர்

அவர் இன்னொரு தனியார் கல்லூரிக்காரர். என்னைப் போலவே, தமிழ்க் குடும்பங்களைத் தேடிப்போய் மாணவர் சேர்ப்பதுதான் அவருக்கும் வேலை. குள்ளமான பெண்மணி, கசங்கிய பருத்திச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். சுங்கை வே கோயில் வாசலில் பேனர் கட்டி, இலவசப் பேனா கொடுத்தவன் நான். பேனாவை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் அவருடைய கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

போன வருடம் சேர்க்கை முடிந்து பேனரைக் கழற்றப் போனேன். அன்னதானச் சமையலுக்குப் பெண்களோடு உட்கார்ந்து அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்டேக்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன வேலை?" என்றேன்.

"அதனாலதான் சார் வந்தேன். இன்டேக் நேரத்துல வந்தா, பிள்ளை பிடிக்க வந்திருக்கேன்னு நினைப்பாங்க லா."

சிரித்துக்கொண்டே ஒரு கத்தியை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் தொடவில்லை.

இந்த வருடம் சேர்க்கை முடிந்ததும் நானும் கோயிலுக்குப் போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்தேன். அவர் அன்று வரவில்லை. ஆனாலும் பெண்கள் அவரைப் பற்றியேதான் பேசினார்கள். நான் வெங்காயம் உரித்தேன். பக்கத்திலிருந்த அக்கா அன்பாகத்தான் கேட்டார்:

"பேனர் கட்ட இடம் கிடைக்கலையா சார்?"