ஏழரைக் கிலோ டிரம்

தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே அடிக்கிற பெரிய டிரம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று என்னைக் கேட்டால், ஏழரைக் கிலோ என்பேன். பன்னிரண்டிலும் அடித்திருக்கிறேன், நாலிலும் அடித்திருக்கிறேன். இரண்டுமே வேண்டாம்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்றாவது வருஷமோ நாலாவதோ, வில்லியனூரில் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்துக்குக் கடல்தான் தொழில். நான் அதை விட்டு லாரியில் கிளீனராக இருந்தேன், செங்கல் சூளையில் இருந்தேன், ரயிலடியில் மூட்டை தூக்கினேன். படிப்பு நாலாவதோடு நின்றுவிட்டது. எந்த இடத்திலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. பேண்டு செட்டில் வேலையே ஊர் ஊராகப் போவதுதான். இன்று உறுவையாற்றில் கல்யாணம் என்றால் நாளை அபிஷேகப்பாக்கத்தில் சாவு. வேலையை விடாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் மாஸ்டர் கிளாரினெட் வாசிப்பவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பேண்டு இல்லாத நாளில் தச்சு வேலை செய்வார். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். தாளம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. டிரம்மை மாட்டிக்கொண்டு ரயிலடி வரை போய்வரச் சொன்னார். போய்வந்தேன், சேர்த்துக்கொண்டார்.

அந்த டிரம் பிரெஞ்சுச் சிப்பாய்கள் பேண்டிலிருந்து எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தது. தடித்த மரக் கூடு, இரண்டு பக்கமும் இரும்பு வளையம். அரிசி மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்தோம், பன்னிரண்டு கிலோ காட்டியது. மழையில் தோலும் கயிறும் ஊறினால் இன்னும் கூடும். கழுத்தைச் சுற்றி ஒற்றைத் தோல் வார். ஒரு மைல் நடந்தால் பிடரி மரத்துப்போகும். இரண்டாவது மைலில், வார் அறுத்த இடத்தில் வேர்வை இறங்கி எரியும். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போவேன். வரப்பில் போகும்போது டிரம் மறைப்பதால் என் காலே எனக்குத் தெரியாது. ஒருமுறை இடுப்பளவு சேற்றில் இறங்கிவிட்டேன். டிரம் நனையவில்லை, ஆகவே அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிடரி எரிகிறது என்று நான் எந்த வேலையையும் விட்டவனில்லை. கவலையெல்லாம் மாதா திருவிழாவைப் பற்றித்தான். பக்கத்தில் பங்குக் கோயில் உள்ள ஓர் ஊரில் மாதா சிலை வைத்த சப்பரத்தைத் தோளில் தூக்கி ஊர் சுற்றி வருவார்கள். தூக்குகிறவர்கள் பதினாறு பேரும் பெரிய டிரம்முக்குத்தான் அடி வைப்பார்கள். கோயிலை விட்டுச் சப்பரம் கிளம்பிவிட்டால், திரும்பி வந்து இறங்கும் வரை டிரம் தரையைத் தொடக் கூடாது, அடியும் நிற்கக் கூடாது. முந்தின வருஷம் எனக்கு முன்னால் இருந்த ஆள் கழுத்து தாங்காமல் நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டார். சப்பரத்தைப் பின்னால் தூக்கியவர்கள் நின்றார்கள், முன்னால் இருந்தவர்கள் நடந்தார்கள். சுரூபம் சாய்ந்து மாலை அறுந்தது. மாஸ்டர் நடையாய் நடந்து, இன்னொரு தடவைக்கு மட்டும் வாய்ப்பு வாங்கி வைத்திருந்தார். இந்த முறையும் அடி நின்றால் அந்தத் திருவிழா டவுன் பேண்டுக்குப் போய்விடும். அது போனால் செட்டே கலைந்துவிடும்.

எடையைக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். கடைத்தெருவில் தகரம் ஒட்டுகிறவரிடம் சொல்லி, மண்ணெண்ணெய் டின்களைப் பிரித்து ஒரு கூடு செய்யச் சொன்னேன். தோலை மாற்றிக் கட்டியதும் தராசில் நாலு கிலோதான். மாட்டிக்கொண்டு குதித்துக் காட்டினேன்.

அபிஷேகப்பாக்கத்துக் கல்யாணத்தில்தான் தெரிந்தது. முதல் அடி விழுந்ததும் டிரம் எகிறி என் தாவாயில் மோதியது. இரண்டாவது அடிக்குக் கை போனபோது டிரம் அங்கே இல்லை. இடது கையால் அமுக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் அடிக்க ஆளில்லை. சத்தமோ, எலி விரட்டுகிற சத்தம். பெண் வீட்டார் சிரித்தார்கள். சைடு டிரம் அடிக்கிறவன் காலையில் சைக்கிளில் கருவாடு விற்பவன், வாய் சும்மா இருக்காது.

"இன்னாடா, கன்னுக்குட்டியக் கட்டிக்கினு வந்துகீற?"

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. வாய்க்கால் ஓரத்தில் நின்று ஒரு துணிப்பையில் மணலை அள்ளி டிரம்மின் அடிக் கயிற்றில் கட்டினேன். அடித்துப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் மணல் போடுவது, மறுபடி அடிப்பது. ஒரு கட்டத்தில் எகிறுவது நின்றது. கைக்குக் குச்சி தானாகத் திரும்பி வந்தது. அப்படியே மண்டிக்குக் கொண்டுபோய் நிறுத்தோம். ஏழரை.

"ஏழரையா? சனி வந்து ஒக்காந்துகிச்சு, போ" என்றான் கருவாட்டுக்காரன்.

மரக் கூட்டையே ஏழரைக்குக் கொண்டுவர முடியுமா என்று மாஸ்டரைக் கேட்டேன். அவர் கூட்டைச் சுற்றி விரலால் தட்டிப் பார்த்தார்.

"அறுத்துட்டா ஒட்ட முடியாதுண்ணே. சத்தம் போச்சுன்னா நமக்கு வேற டிரம் கெடையாது."

"இப்ப கீற டிரம்ம வச்சிக்கினு என்னால முடியாது. நடுவுல நின்னுடுவேன்" என்றேன். முடியாது என்று நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் கூட்டில் நாலு விரல் அகலம் அறுத்தெடுத்தார். இரும்பு வளையத்துக்குப் பதில் மூங்கிலை வளைத்துப் போட்டார். மண்டித் தராசில் ஏழரை காட்டியது. சத்தம் போகவில்லை, கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். வார் என் வேலை. லாரி தார்ப்பாயில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பட்டை வெட்டி, முதுகில் குறுக்காகப் போகும்படி தைத்தேன். கனம் கழுத்திலிருந்து இறங்கி இரண்டு தோளுக்கும் போனது. இடுப்பில் துண்டைச் சுருட்டிக் கட்டி, டிரம்மின் விளிம்பை அதன் மேல் உட்கார வைத்தேன். எடையைக் குறைத்ததில் பாதி சுகம் என்றால் இந்தப் பட்டையில் மீதிப் பாதி.

திருவிழா அன்று வெயில் தணிந்ததும் சப்பரம் கிளம்பியது. மூன்று தெரு வரை எனக்கு டிரம் இருப்பதே நினைவில்லை. நாலாவது தெரு முனையில் இடது பட்டையின் தையல் பிரிந்தது. நான் தைத்த தையல்தான். டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து முழங்காலில் இடித்தது. பின்னால் பதினாறு பேரின் காலடி கேட்டுக்கொண்டிருந்தது. வலது கை நிற்கவில்லை, ஆனால் இன்னும் பத்தடிதான் தாங்கும் என்று எனக்குத் தெரிந்தது.

கருவாட்டுக்காரன் தன் சைடு டிரம்மை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். துண்டை டிரம்முக்கு அடியில் கொடுத்து, தன் தோளில் சுற்றி இழுத்துப் பிடித்தான்.

"நீ அடிடா. நான் புடிச்சிக்கினு வரேன்."

"உன் டிரம்மு?"

"அது கெடக்கட்டும். அதக் கேட்டா தூக்குறவன் கால் வைக்கிறான்?"

மீதித் தெருக்களை அப்படியே நடந்தோம். என் கால் அவன் காலில் இரண்டு முறை இடறியது, இரண்டு முறையும் கெட்ட வார்த்தை சொன்னான், மாதாவுக்கு முன்னால் என்பதால் மெதுவாக. சப்பரம் கோயில் வாசலில் இறங்கியதும் மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம்தான் டிரம்மைத் தரையில் வைத்தோம்.

அடுத்த வருஷமும் திருவிழா எங்களுக்கே வந்தது. பட்டையை இரட்டைத் தையல் போட்டுத் தைத்திருந்தேன். அந்த நடையில் டிரம் இன்னும் லேசாகிவிட்டது போல இருந்தது. மாஸ்டரிடம் சொன்னதற்கு அவர் நம்பவில்லை. மறுநாள் மண்டியில் நிறுத்துப் பார்த்தோம். ஏழரையேதான் இருந்தது.