ரப்பர் விலை ஏற நேர்ந்துகொண்டேன்

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் பாதி ரப்பர் காட்டை மூடிவிட்டார்கள். மரத்தைக் கீறிப் பால் வெட்டுவதைக் குறைத்தால் சரக்கு குறையும், சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பது சர்க்காரின் கணக்கு. வெட்டு இல்லாதவன் எதைத் தின்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

என் கணவர் பால் வெட்டிய மர நிரை மூடிய பாதியில் மாட்டிக்கொண்டது. என் நிரை தப்பியது.

"சுமத்திராவுல இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லியாம். டச்சுக்காரன் எல்லா மரத்தையும் வெட்டுறான். போய்ட்டு வாரேன். இங்க வெல ஏறி என் நெரையத் தொறந்தா மறு கப்பல்ல வந்துடுவேன்" என்றார்.

"ஏறாட்டி?"

"ஏறும் புள்ள. சர்க்காரே சொல்லுதுல்ல."

சர்க்கார் சொல்லிற்றாம்! மூட்டையைத் தூக்கிக்கொண்டு பினாங்கில் கப்பலேறிவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கூலி லயத்தில் பக்கத்து வீடுகளும் காலி. வழக்கம்போல் பொங்கினால் சோறு மிஞ்சியது, குறைத்துப் பொங்கினால் அடி பிடித்தது. பேச ஆளில்லாமல் அடுப்போடு சண்டை போட்டேன்.

போகும்முன் அவர் தன் மரங்களில் பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன். அழுகைதான் வரும்.

தோட்டத்து எல்லையில் முனியாண்டி சாமி. "சாமி, ரப்பர் வெலய ஏத்திவிடு. ஒனக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணியாரிடம் விலை கேட்பேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "லண்டன் விலை உனக்கேன் பிள்ளை? நீ என்ன துரையோ?" என்று சிரிப்பார். சிரிக்கட்டும், எனக்கென்ன!

சில வருஷம் கழித்து விலை ஏறியது. சும்மா இல்லை, கிடுகிடுவென்று. துரை புதுக் கார் வாங்கினார். மூடிய காட்டைத் திறக்கப் போகிறார்கள் என்றதும் ஓடிப்போய் என் கணவரின் மங்குகளை ஒவ்வொன்றாகக் கழுவி நிமிர்த்தி வைத்தேன். முனியாண்டிக்குச் சேவல் அறுத்துப் பொங்கலும் வைத்தேன்.

அடுத்த வாரமே சுமத்திராவில் அவரோடு வேலை செய்தவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அண்ணன் வரமாட்டாரு. வெல ஏறிடுச்சில்ல, அங்க காடு காடா வெட்டுறானுங்க, கூலியும் ஏத்திட்டானுங்க. வெல ஏறாம இருந்திருந்தா எங்க எல்லாரையும் வெரட்டியிருப்பான், அண்ணனும் வந்திருப்பாரு. இப்ப..." தலையைக் குனிந்துகொண்டார். "அங்கேயே ஒரு குடும்பமும் ஆயிடுச்சு."

இங்கே நாங்கள் அரை வயிறாகக் கிடந்து ஏற்றிய விலை, அந்தக் கரையில் அவரைக் கட்டிப் போட்டுவிட்டது. முனியாண்டியைத் திட்டி என்ன செய்ய? விலையைக் கேட்டேன், கொடுத்தது. மனுஷனைக் கேட்கத் தோன்றவில்லையே, மடச்சி எனக்கு!

காடு திறந்த அன்று அவர் நிரையில் கப்பலில் வந்த புது ஆள் ஒருவனைப் போட்டார்கள்.

"மங்கெல்லாம் கழுவி நிமுத்தி வச்சிருக்கே, யாரு அக்கா வச்சது?" என்று என்னிடம் கேட்டான்.

"யாரோ வச்சிருக்காங்க. நீ வெட்டு" என்றேன்.