மாமன்மாருக்கு வெற்றிலை வைத்த வேன் துளசி

தஞ்சோங் காராங் பக்கம் வேன் துளசியைத் தெரியாத வீடு கிடையாது. தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த நாராயணசாமியின் மகன் வழிப் பேத்தி. சுங்கை பெசாரில் வாக்கப்பட்ட கங்காவுக்கு இளையவள். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிற தேவதாஸுக்குக் கடைசித் தங்கை. தோட்டத்து லயத்து வீடுகளை விட்டு எல்லாரும் வெளியேறியபின் அரிசி ஆலை, துணிக்கடை என்று அலைந்து, கடைசியில் பழைய வேன் ஒன்றை வாங்கித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கினாள். எந்தப் பிள்ளை பசியாறாமல் வருகிறது, எது ஓயாமல் பேசும், எது திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது, எல்லாம் ஓட்டுகிற இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் சுங்கை புரோங் வயலோரம் வரும்போது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று சீருடையில் ரத்தத்தைக் கண்டு, "வேன் அக்கா, நான் சாகப்போறேன்!" என்று அலறியது. துளசி வண்டியை ஓரங்கட்டி, இருந்த துண்டை அதன் இடுப்பில் சுற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அவள் மகள் தர்ஷினிக்கும் அதே வயதுதான். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வகுப்பிலே சொல்லிக் கொடுக்கக்கூடாதா என்று அன்றைக்கே பள்ளியில் பிரமிளா டீச்சரிடம் போய் நின்றாள்.

"நான் எப்பவோ ரெடிக்கா," என்றார் டீச்சர். "உடம்பு மாறுறது, யாரு தொடலாம், யாரு தொடக்கூடாது, பிடிக்கலன்னா எப்படிச் சொல்றது, எல்லாம் சொல்லிக் குடுக்கலாம். பெத்தவங்க சரின்னு சொல்லணுமே!"

பெற்றோர் கூட்டம் போட்டதற்கு வந்தது மூன்றே தாய்மார். மற்றவர்கள் கைப்பேசிப் புலனக் குழுவில், 'இந்த அசிங்கமெல்லாம் பள்ளிக்கூடத்திலா?' என்று கொதித்தார்கள். தலைமையாசிரியர் உமாபதி நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். "வர்ற சனிக்கிழமை இன்னொரு தடவ கூப்பிடுவோம். மண்டபம் காலியா கெடந்தா இந்த வகுப்பு வேணாம்," என்று முடித்துவிட்டார்.

விடுவாளா துளசி? நம் சனத்தில் பெண்பிள்ளை விஷயம் என்றால் அப்பன் நழுவிவிடுவான். தாய்மாமன் நழுவ முடியாது. சடங்குக்குக் குச்சு கட்டுவது அவன், சீர் தூக்குவது அவன். வெற்றிலைத் தட்டு வைத்து அழைத்த பிறகு வராத மாமனை இந்த வட்டாரம் கண்டதில்லை. வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் தட்டில் அடுக்கி வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டாள்.

"யாருடி வயசுக்கு வந்து ஒக்காந்திருக்கா?" என்று ஓடி வந்தாள் சின்னத்தாய். வேனில் அழுத பிள்ளையின் பெரியம்மா அவள்.

"யாரும் ஒக்காரலக்கா. பள்ளிக்கூடத்துல கூட்டம். பிள்ளைங்க ஒடம்பப் பத்தி டீச்சர் பேசுறாங்க. ஒங்க தம்பி ஜீவன் கட்டாயம் வரணும்."

"மாமன் இல்லாமலா? வருவான்லா!"

தட்டைக் கண்ட கண் காதை அடைத்துவிட்டது. எந்த வீட்டிலும் அதே கதை. துளசிக்கு அது தெரியாது. தலையாட்டினார்களே என்ற குஷியில் அடுத்த வீட்டுக்குப் பறந்தாள்.

சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் உறுமி மேளம் கேட்டது. துளசி எட்டிப் பார்த்தாள். மாமன்மார் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்! தலையில் தாம்பாளங்கள்: வளையல், பட்டுப்புடவை, ஆப்பிள், லட்டு. முன்னால் தேவதாஸ், ஜிப்பாவும் வேட்டியுமாக. பின்னால் அக்கா தங்கைகளும் மச்சான்மாரும்.

"துளசி! பொண்ணுங்க எங்க? மொத்தமா சடங்கு வெக்கிறீங்களாமே!"

"ஐயோ அண்ணே! கூட்டம்னுதானே சொன்னேன்!"

"கூட்டத்துக்கு யாரு வெத்தல வெப்பா?"

உமாபதி வாயைப் பிளந்தார். பிரமிளா டீச்சர் மட்டும் சட்டென்று, "வந்தது வந்தாச்சு, உள்ள வாங்க," என்று அத்தனை பேரையும் மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டார். உட்கார இடம் போதாமல் ஜன்னலோரமெல்லாம் ஆள்!

டீச்சர் படம் காட்டிப் பேசினார். மாதவிலக்கு பற்றிச் சொல்கையில் ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். அதுவரை வம்பில்லை. அடுத்து, "பிடிக்காத தொடுதல் யாரோடதா இருந்தாலும், மாமாவே ஆனாலும், பிள்ளை வேணாம்னு சொல்லலாம்," என்றார் பாருங்கள், தேவதாஸ் விருட்டென்று எழுந்தான்.

"என்ன டீச்சர்? வெத்தல வெச்சுக் கூப்ட்டு மாமன கேவலப்படுத்துறீங்களா? என் மருமக என்னையவா வேணாம்னு சொல்லுவா?"

நாற்காலிகள் கரகரத்தன. ஜீவன் தாம்பாளத்தைத் தூக்கிவிட்டான். உமாபதி, "இத்தோட நிறுத்திக்குவோம்," என்று மேடையை நோக்கி நடந்தார்.

துளசி ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இந்தக் கூட்டத்தைச் சேர்த்தவளே அவள். இப்போது வகுப்பைக் கெடுக்கப் போகிறவளும் அவளா? அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சொன்னா என்னண்ணே பண்ணுவ? என் மக ஒன்னைய வேணாம்னு சொன்னா, அடிப்பியா?"

"ச்சே! அவள அடிப்பேனா?"

"அப்புறம்?"

மண்டபமே அவன் வாயைப் பார்த்தது. தேவதாஸ் ஜிப்பாக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"கைய எடுத்துக்குவேன். வேற என்ன செய்யிறது?" என்று முனகினான். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "அப்ப ஒண்ணு. வேற எவனாச்சும் கைய வெச்சா பிள்ளை யாருகிட்ட வந்து சொல்லணும்னும் சேர்த்துச் சொல்லிக்குடுங்க. மாமன்கிட்ட சொல்லுன்னு சொல்லுங்க. சொல்லிட்டா அவ மேல கோவிச்சுக்க மாட்டேன். சத்தியம்."

"அந்தச் சத்தியத்துல என்னையும் சேர்த்துக்குங்க டீச்சர்!" என்றான் ஜீவன், தட்டை இறக்கி.

"இந்த வகுப்பு வேணும்ங்கிறவங்க கையத் தூக்குங்க!" என்று துளசி கத்தினாள். முதலில் சின்னத்தாய் கை. பிறகு வளையல் கை, உழைத்துக் காய்த்த கை, எண்ண முடியாத கைகள். உமாபதி பாதி வழியில் நின்று, தன் கையையும் தூக்கினார்.

"திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடுங்க டீச்சர்!" என்றார் அவர்.

உறுமிக்காரன் பொறுப்பானா? அடித்துவிட்டான் ஓர் அடி. அந்தச் சத்தத்துக்குள்ளே தாய்மார் பிரமிளா டீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்கென்று தொடங்கிய கேள்வி, இரண்டாம் வாக்கியத்தில் அவளுடைய சொந்தக் கேள்வியாக மாறியது. டீச்சருக்குக் குரல் கட்டும்வரை ஒருத்தியும் நகரவில்லை.