குதிரை என்றால் எது?

கம்சலா பதுளையில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். பிறந்து வளர்ந்தது எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில். பன்னிரண்டு வருட வேலையில் காணித் தகராறு, ஜீவனாம்சம், கசிப்புச் சாராயம் என்று எல்லாவற்றையும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். கைத்துப்பாக்கி வழக்கு மட்டும் அதுவரை அவளிடம் வந்ததில்லை.

வழக்கு தோட்டத் தொழிலாளி தயாபரனுடையது. ஹாலிஎல பக்கம் தேயிலை மலையில் மழைநீர் ஓடக் கான் வெட்டும்போது, பொலித்தீனில் சுற்றிய பிஸ்டல் ஒன்று அவர் மண்வெட்டியில் தட்டியது. தோட்டத்து ஆபீஸ் பூட்டியிருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோனார். விடிந்ததும் ஒப்படைக்கலாம் என்றிருந்தவரை அதற்குள் பொலிஸ் பிடித்துவிட்டது. பொலிஸ் சிங்களத்தில் எழுதிய அவரது வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்தது: “விசையை இழுத்துப் பார்த்தேன்.”

காலையில் ஆயுத நிபுணர் சாட்சி சொன்னார். இராணுவங்கள் பயன்படுத்தும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல், ரவைக்கூட்டில் பதின்மூன்று ரவைகள், அதாவது தோட்டாக்கள், என்றார். கம்சலா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். ஆனால் பாதிச் சொற்களுக்குப் பின்னால் என்ன பொருள் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. அது அவளை உறுத்தியது. இடைவேளையில் நிபுணரைத் தேடிப் போனாள்.

“சேர், இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் காட்டுவீங்களா?”

அவர் தன் புத்தகத்திலிருந்த படத்தைத் திருப்பினார். விசையை இழுத்தால், பின்பக்கம் சாய்ந்திருக்கும் சின்னச் சுத்தியல் முன்னால் பாய்ந்து ஊசியைத் தட்டும். ஊசி ரவையின் அடியைக் குத்தும். இந்த வகையில் சுத்தியலை முதலில் பின்னுக்குச் சாய்த்து வைத்தால்தான் விசைக்கு வேலை.

“குழலுக்குள்ள ஏன் திருகு மாதிரி வரி?”

“ரவை சுழன்றபடி போனால்தான் நேராகப் போகும்.”

“பம்பரம் மாதிரியா?”

“அதேதான்” என்று சிரித்தார்.

மதியம் தயாபரன் கூண்டில் ஏறினார். “நான் எதையும் இழுக்கலீங்க. எடுக்கும்போதே குதிரை பின்னால இழுத்தபடிதான் இருந்துச்சு” என்றார்.

கம்சலா வாயைத் திறந்து, அப்படியே நிறுத்தினாள். குதிரை என்று சிலர் விசையைச் சொல்வார்கள். சிலர் சுத்தியலைச் சொல்வார்கள். இவர் எதைச் சொல்கிறார்? நீதவானைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னாள்: “கனம் நீதவான் அவர்களே, இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அவரையே தொட்டுக் காட்டச் சொல்லலாமா?”

நீதவான் சம்மதித்தார். தயாபரன் சான்றுப் பொருளாக மேசையில் இருந்த பிஸ்டலின் பின்பக்கச் சுத்தியலைத் தொட்டார்.

நீதவான் நிபுணரிடம் திரும்பினார். “அது என்ன நிலையில் கிடைத்தது?”

“சாய்ந்தபடியே துருப்பிடித்து இறுகியிருந்தது, ஐயா. குழலிலும் பழைய மண். பல வருடமாக யாரும் சுட்டிருக்க முடியாது.”

தயாபரன் குதிரை என்று சொன்னதைப் பொலிஸ் விசை என்று எழுதியது தெரிந்தது; வாக்குமூலத்தின் அந்த வரி அன்றே நீக்கப்பட்டது. ஒப்படைக்கத்தான் வைத்திருந்தார் என்பது ஏற்கப்பட்டு, அடுத்த தவணையில் தயாபரன் விடுதலையானார். வாசலில் கம்சலாவுக்காகக் காத்து நின்றார்.

“நீங்க கேக்காட்டி நான் உள்ளுக்குத்தான், மிஸ்.”

“எனக்கு வெளங்காமத்தான் கேட்டேன், அண்ணே. குதிரைங்கிற பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பன்னி வெரட்ட எங்க தோட்டத்துக் காவக்கார வாச்சர்கிட்ட வேட்டைத் துவக்கு இருந்துச்சு. அவரு அப்படித்தான் சொல்வாரு.”

“அப்ப விசைக்கு?”

“வில்லு.”

கம்சலா படியிலேயே நின்று, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.