ஆத்தா என்னை வாங்கிய நாள்

உறவினர்களுக்கும், ஆத்தாவின் கையால் ஒரு வாய்க் கஞ்சியாவது குடித்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஆத்தா வளர்த்து ஆளாக்கிய மூன்று மகன்களில், அவர் விலை கொடுத்து வாங்கியது என்னை மட்டும்தான். அதனாலேயே இந்த முதலாண்டு நினைவு மலருக்கு எழுதும் வேலையைத் தம்பிகள் இருவரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். "காசு போட்டு வாங்குன மாடுதான் முதல்ல உழுகணும்" என்றான் சின்னத் தம்பி. பேரன் எடுத்த பிறகும் அவன் வாய் அடங்கவில்லை. காசு அல்ல, தவிடுதான் என்று அவனைத் திருத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ஆத்தா பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில், நெல் விளையும் ஊரில். கண்மாய் நிறைந்தால் வீடு நிறையும் என்று வளர்ந்தவர். சுதந்திரம் வந்த சமயத்தில் அய்யாவுக்கு வாக்கப்பட்டுப் பெரியபட்டினத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் மணல்காட்டுக்கு வந்தார். பனையும் முள்ளும் உப்புக்காற்றும் ஒரு தென்னந்தோப்பும் தவிர இங்கே அப்போது வேறொன்றும் கிடையாது. "குடிக்கிற தண்ணியைக்கூடத் தோண்டித்தான் எடுக்கணும்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே" என்று கடைசிவரை அய்யாவின் படத்தைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டிருந்தார். அய்யா, பெரியபட்டினத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான அந்தத் தோப்புக்குக் காவல். அந்த வீட்டு அம்மாவைத்தான் ஆத்தா 'ராத்தா' என்பார். அவர்கள் பக்கத்தில் அக்காளை அப்படித்தான் அழைப்பார்கள். நானும் இந்தக் கட்டுரையில் அப்படியே எழுதுகிறேன். ஆனால் சிறுவயதில் நான் அவரைக் கூப்பிட்டது வேறு விதமாக. அதற்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் ஆத்தாவுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டுமே தவழும் முன்பே காய்ச்சலில் போய்விட்டன. அதைப் பற்றி ஆத்தா எங்களிடம் பேசியதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. நான் வயிற்றில் இருந்தபோது, பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிற வழக்கத்தை ஊர்ப் பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பிறந்த குழந்தையைச் சுளகில், அதாவது முறத்தில், வைத்துக் குப்பைமேட்டில் போட வேண்டும். பெற்ற பிள்ளைகள் எல்லாம் நல்லபடியாக இருக்கிற ஒருத்தி அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாமென்று எறிந்த பிள்ளை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று எமன் அலட்சியமாகப் போய்விடுவானாம்.

ராத்தாவுக்கு ஐந்து மகன்கள். ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி. "ஒம் மனசு தெளியும்னா செய்யிறேன் தங்கச்சி. காப்பாத்துறவன் அல்லாதான்" என்று வந்து, குப்பைமேட்டிலிருந்து என்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் அன்றைக்கே தவிட்டைக் கொடுத்து வாங்கிவிடுவார்கள். எங்கள் ஆத்தா அங்கேதான் மற்றவர்களிலிருந்து வேறுபட்டார்.

"இன்னைக்கே வாங்குனா எமன் என்ன மடையனா? கண்டுபிடிச்சிர மாட்டானா?" என்று கேட்டாராம். "பால்பல்லு விழட்டும். அதுவரைக்கும் ஒங்க புள்ளையாவே இருக்கட்டும் ராத்தா. நான் வளக்குறேன்."

இப்படியாகப் பெற்ற தாய் இருக்க, அடுத்த வீட்டுப் பிள்ளையாக ஆத்தாவின் மடியிலேயே வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் ஒன்று. ஊருக்கு நான் குப்பையன்.

ஆத்தா அந்த விரதத்தைக் காத்த மாதிரி வேறு எதையும் காத்ததில்லை. சந்தைக்குப் போகும் வழியில் யாராவது "யார் மகன்?" என்று கேட்டால், "பெரியபட்டினத்து ராத்தா மகன்" என்று பட்டென்று பதில் வரும். நான் ராத்தாவை, அவர் மகன்களைப் போல, 'உம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். நோன்புப் பெருநாள் வந்தால் ராத்தா வீட்டிலிருந்து எனக்கு மட்டும் புதுச் சட்டை வரும். தம்பிகள் என்னையே பார்ப்பார்கள். ஆத்தா அய்யாவின் பழைய வேட்டியைக் கிழித்து அவர்களுக்கு ஏதாவது தைத்துப் போட்டுச் சமாதானம் செய்வார்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய சலுகை, அடி கிடையாது என்பது. மூன்று ஆண்பிள்ளைகள் இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். பதநீர்க் கலயத்தில் ஓணானைப் போடுவோம். காயப்போட்ட கருவாட்டைக் காக்கைக்கு எறிந்து பந்தயம் கட்டுவோம். ஒருமுறை கோழியைக் குளிப்பாட்டிக் காயவைக்கிறோம் என்று கொடியில் கட்டித் தொங்கவிட்டோம். திட்டம் எப்போதும் என்னுடையது. அடி எப்போதும் தம்பிகளுக்கு.

"ஆத்தா, அண்ணன்தான் சொல்லுச்சு!" என்று பெரிய தம்பி அலறுவான்.

"அடுத்தவ புள்ளைய நான் அடிக்கலாமாடா? நீ வாங்கு" என்று அவன் முதுகில் இன்னொன்று விழும்.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு பருவம் வரைக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு எனக்குள் ஏதோ உறுத்தியது. அடி வாங்கிய தம்பிகள் அழுது ஓய்ந்ததும் ஆத்தா அவர்களை மடியில் போட்டு எண்ணெய் தடவுவார். எனக்கு அடியும் இல்லை, அதற்குப் பின்னால் வரும் அந்த எண்ணெயும் இல்லை. ஒருநாள், கம்பு இடித்துக்கொண்டிருந்தவரின் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"ஆத்தா, நான் நெசமாவே யாரு புள்ளை?"

உலக்கை நின்றது. "ராத்தா புள்ளைதான்டா. போ, அங்கன போயி வெளையாடு" என்று சொல்லிவிட்டு மறுபடி இடித்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம்தான் ராத்தாவின் வீட்டுக்காரர் திடீரென்று குடும்பத்தோடு கொழும்புக்குப் போவதென்று முடிவு செய்தார். அவருக்கு அங்கே கடை. அதுவரை அவர் மட்டும் போய்வந்துகொண்டிருந்தார். சேதி அய்யாவின் காதுக்கு எட்டியது கடைசி நாளில்தான். அன்று சாயங்காலம் வந்து சொன்னார்.

"விடிஞ்சா கெளம்புறாக. திரும்பி எப்ப வருவாகன்னு தெரியல."

ஆத்தா என்னை இழுத்து விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினார். என் வாயைத் திறந்து பல்லை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. பல் விழுவதற்கு முன் வாங்கினால் போட்ட கணக்கு கெட்டுவிடும். வாங்காமல் விட்டால், விற்கவேண்டியவர் கடலுக்கு அந்தப் பக்கம். அப்புறம் நான் எந்தக் காலத்திலும் ஆத்தாவுக்குப் பிள்ளை ஆக முடியாது.

"இப்ப இவனை என்ன செய்யிறது?" என்றார்.

அய்யாவுக்கு எல்லாவற்றிலும் விளையாட்டு. "என்ன செய்யிறது? அவுக புள்ளை. அவுகளே கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். ஆத்தாவைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆத்தா சிரிக்கவில்லை. நான் அதை அப்படியே நம்பினேன்.

விடிந்ததும் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டேன். என் பம்பரத்தைச் சின்னத் தம்பியிடம் கொடுத்து, கொழும்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பயம் இருந்தது. அழுகையும் வந்தது. ஆனால் நம் வீட்டுக்குத்தானே நாம் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கஞ்சி குடிக்கக் கூப்பிட்டபோது நான் இல்லை. ஆத்தா ஊருணிக்கு ஓடினார். அய்யா தோப்புக் கிணற்றில் குதித்துத் துழாவினார். இரண்டு பிள்ளைகளை வாரிக் கொடுத்தவரின் மனம் அப்போது என்ன பாடு பட்டிருக்கும் என்பது, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. சின்னத் தம்பி மட்டும் வாயே திறக்காமல் பம்பரத்தைக் கால்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றானாம். சொன்னால் அதைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற கவலை! அய்யா நனைந்து சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்ததைப் பார்த்துப் பயந்துதான், "அண்ணன் கொழும்புக்குப் போயிருச்சு" என்றான்.

ஆத்தா அந்தச் சுடுமணலில் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

பெரியபட்டினத்தில் ராத்தா வீட்டு வாசலில் வாடகை வண்டி பூட்டி நின்றது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த என்னை ராத்தா முன்பே கண்டுபிடித்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து கொடுத்தார். ரயிலைப் பிடிக்க நேரமாகிறது, பையனை யாரிடமாவது விட்டுவிட்டு ஏறு என்று அவர் வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். "அவ வருவா. வந்தப்புறந்தான் வண்டி நகரும்" என்று ராத்தா பிடிவாதமாக நின்றுவிட்டார்.

தெருமுனையில் ஆத்தா தெரிந்தார். தலை அவிழ்ந்து, புழுதியாக. வந்த வேகத்தில் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"எம் மகனைக் குடுத்துருங்க ராத்தா! எம் மகனை எங்கிட்டக் குடுத்துருங்க!"

சொன்னதும்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை வருடம் பொத்திவைத்த சொல்லை நடுத்தெருவில் எமனுக்குக் கேட்கும்படி கூவியாகிவிட்டது. "ஐயோ, பல்லு விழுகலையே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ராத்தா வண்டிப் பக்கத்தில் குனிந்து அவர் தலைமுடியை அள்ளி முடிந்துவிட்டார்.

"பல்லுக் கணக்கு நீயாப் போட்டது தங்கச்சி. இவன் எம் புள்ளைதானே? எப்ப விக்கிறதுன்னு நான்ல சொல்லணும்? இப்ப விக்கிறேன். தவிடு கொண்டாந்தியா?"

ஓடிவந்தவரிடம் என்ன இருக்கும்? ராத்தா வீட்டுத் தவிட்டை ராத்தாவுக்கே கொடுக்க முடியாது. ஆத்தா வெறும் முந்தானையை விரித்துக் காட்டினார். அப்போது மாட்டுப் பக்கத்தில் நின்ற வண்டிக்காரர், மாட்டுக்கு வைத்திருந்த சாக்கை அவிழ்த்தார். "இந்தாங்கத்தா, ஏந்துங்க" என்று ஆத்தாவின் முந்தானையில் தவிட்டைக் கொட்டினார். அதை ஆத்தா ராத்தாவின் கையில் கொடுத்தார். ராத்தா அங்கேயே மாடுகளுக்கு வைத்தார்.

"பாத்துக்க. மாடு தின்னுருச்சு. இனி நானே நெனச்சாலும் இவனைத் திரும்பக் கேக்க ஏலாது" என்றார். என்னை இறக்கிவிட்டு நெற்றியில் முத்தமிட்டு, தன் பிள்ளைகளைக் கொஞ்சுகிற மாதிரியே, "போ வாப்பா. இனி ஒங்க ஆத்தாகிட்ட நல்லா அடி வாங்கு" என்றார்.

வண்டி போனது. ஊர் எல்லை வரை ஆத்தா என் கையை விடவில்லை. எல்லை தாண்டியதும் வேலியோரம் கிடந்த ஒரு குச்சியை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை அடித்தார்.

"எங்கிட்டுடா போயித் தொலைஞ்ச, எம் மகனே! எங்கிட்டுப் போயித் தொலைஞ்ச!"

ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'எம் மகனே'. அவரும் அழுதார், நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் மடியில் போட்டு எண்ணெய் தடவினார். தம்பிகள் இருவரும் என் முதுகுத் தடிப்புகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கும் அன்றுதான் ஓர் அண்ணன் கிடைத்தான். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வார்த்தை போதவில்லை.

சில மாதங்கள் கழித்து முன்பல் விழுந்தபோது, ஆத்தா அதைச் சாணியில் உருட்டிக் கூரையில் எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் தெரியும், "இவன் எம் மகன்" என்று சொல்லாமல் அவர் என்னை யாரிடமும் காட்டியதில்லை. என்னைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்களிடமும் சொல்வார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மதுரையில் எனக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆத்தாவிடம் மறைத்துத்தான் வைத்தோம். எப்படியோ தெரிந்துவிட்டது. ஊரிலிருந்து பெரிய தம்பி போனில் அழுதான்.

"அண்ணே, ஆத்தாவுக்கு நெனப்புத் தப்பிருச்சு. ஒம் மகன் எப்படி இருக்கான்னு யாரு கேட்டாலும், அவன் எம் மகன் இல்லை, பெரியபட்டினத்து ராத்தா மகன்னு சொல்லுது. ஒன்னையே யாருன்னு தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட நெஞ்சு வலித்தது. பிறகு அழுகையும் வந்தது. "தப்பலடா. எல்லாம் நெனப்புலதான் இருக்கு" என்றேன்.

உடம்பு தேறி ஊருக்குப் போனபோது ஆத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"நல்லாயிருச்சுன்னுட்டாரு ஆத்தா. இனிப் பயமில்லை."

"நெசமா?"

"நெசமாத்தான்."

பக்கத்தில் வரச்சொன்னார். குனிந்தேன். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தொண்ணூறு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"எங்கிட்டுடா போயித் தொலைஞ்ச, எம் மகனே" என்றார்.

அடுத்த வருடம், மூன்று மகன்களும் பக்கத்தில் இருக்க, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வலி இல்லை, தவிப்பு இல்லை. தனக்கு முன்னால் எங்களில் ஒருவரையும் அனுப்பாமல் போகிறோம் என்கிற நிறைவு அந்த முகத்தில் இருந்தது.

ஆத்தாவைக் கடைசிக் காலத்தில் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்ட எங்கள் வீட்டு மருமகள்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த மருத்துவருக்கும், கடைசியில் பாடை தூக்க வந்த ஊர்க்காரர்களுக்கும் எங்கள் நன்றி. தங்கள் வீட்டுத் துக்கமாகக் கடல் கடந்து வந்து நின்ற ராத்தாவின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நன்றி என்று சொன்னால் அது அந்நியமாக இருக்கும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பெயர்கூடத் தெரியாத அந்த வண்டிக்காரருக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

இப்படிக்கு,
ஆத்தாவின் மகன்.